அப்பத்தாவின் சுருக்குப்பையும் சிவப்புப் பொத்தானும்

முதியோருக்கென்றே விற்கும் பட்டன் போன்களில் பின்பக்கம் சிவப்பாக ஒரு எஸ்.ஓ.எஸ். பொத்தான், அதாவது அவசர உதவிப் பொத்தான், இருக்கும். அழுத்தினால் சைரன் அலறும். பதிந்து வைத்த நாலைந்து பேருக்கு எஸ்.எம்.எஸ். போகும். அப்புறம் யாராவது எடுக்கும்வரை ஒவ்வொரு எண்ணாக அழைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அப்பத்தா அந்தப் போனைச் சுருக்குப்பையில் வைத்திருந்தார்.

வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி, சில்லறை, அதோடு போன். மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நகர்கிற நேரம் பார்த்து பாக்குவெட்டி பொத்தானில் அழுந்திவிட்டது. பஸ் முழுக்க அலறல். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, "யாத்தா, பையில என்னத்த வச்சிருக்க?" என்று வந்தார். சத்தம் தன் மடியிலிருந்துதான் வருகிறது என்பதே அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக எட்டி ஆம்புலன்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். போய், அவர் பதறியடித்து எனக்குப் போன் போட்டார். நான் அப்பத்தாவுக்குப் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

திருப்பூரில் இருப்பவர் பதறலாம், ஓடிவர முடியாது. அதனால் இப்போது முதல் எண் எதிர்வீட்டு மதினியுடையது, இரண்டாவது தெருமுனை ஆட்டோ அண்ணனுடையது, பிள்ளைகள் எல்லாம் அதற்கப்புறம்தான். சித்தப்பாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல், இருக்கட்டும். அந்த வரிசையில் 108-ஐப் போடச் சொல்லி சிலர் யோசனை சொன்னார்கள். பாக்குவெட்டி இருக்கும்வரை அது வேண்டாம் என்பது என் கட்சி. வாங்கும்போதே, பட்டென்று அழுந்தாமல் சில விநாடி பிடித்திருந்தால் மட்டும் வேலை செய்கிற பொத்தானாகப் பார்த்து வாங்குவது நல்லது. முதியோர் போன்தான் வேண்டும் என்றும் இல்லை. சாதாரண பட்டன் போனிலேயே 5 அல்லது 9-ஐ நீள அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டு, 2017 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, எண்ணும் அரைகுறைதான். பெரிய பட்டன், பெரிய எழுத்து எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உதவியது 5-இன் மேல் இருக்கும் சின்னப் புள்ளி மேடு. கட்டைவிரலால் தடவி அதைக் கண்டுபிடிப்பார். அதற்கு நேர் மேலே 2, அது நான். நேர் கீழே 8, அது மேலூர் அத்தை. நீள அழுத்தினால் அழைப்பு போய்விடும். இருட்டிலும் தப்பாமல் அழைக்கிறார். எங்கள் வீட்டில் டச் போன் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. காய்ந்து காப்புக் காய்ச்சிய விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியவே இல்லை.

மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே 2018 முதல் செல்போன் கூடாது, வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெரியவர்கள் கூட்டத்தில் பிரிந்துபோவது அங்கேதான் அதிகம். ஒரு துண்டுச் சீட்டில் நம் எண்ணை எழுதி இடுப்பில் செருகி அனுப்புங்கள்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வயதான தம்பதியைப் பார்த்தேன். மகன் வாங்கிக் கொடுத்த புது போனில் டவரே இல்லை என்று கொண்டு வந்திருந்தார்கள். கடைக்காரத் தம்பி கழற்றிப் பார்த்தார். போன் 2ஜி, சிம் ஜியோ. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். "போன் நல்ல போன்தாய்யா, சிம்முதான் இதுக்கு ஆகாது" என்று அவர் எவ்வளவோ சொல்லியும் அந்த ஐயாவுக்கு விளங்கவில்லை. "ரெண்டும் புதுசுதானப்பா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். ரீசார்ஜ் விஷயத்திலும் கவனம். பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அது தெரியாமல் பட்டன் போனுக்கு இன்னும் தினம் ஒன்றரை ஜிபி போட்டுவிடுகிறவர்கள் நிறைய.

எங்கள் தெருவில் மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதியோர் போனின் ரிங் தெருவுக்கே கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. வயதானால் முதலில் போவது கீச்சென்ற ஒலி கேட்கும் திறன்தான். தறிச் சத்தமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அந்தப் போனில் வந்த ரிங்டோனோ சுத்தக் கீச்சு. தவில் மாதிரி கனத்த ஒலியாக மாற்றி, வைப்ரேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னோம். இப்போது எடுத்துவிடுகிறார். ஆனால் பேசுவது ஸ்பீக்கரில்தான், மருமகன் சங்கதி எல்லாம் தெருவுக்குப் பாடம்.

அவர் கேட்பது வேறு ஒன்று. கொடைக்கானல் எஃப்.எம். 100.5 கேட்க வேண்டும், அதற்குக் காதில் வயர் மாட்டக் கூடாது. இப்போதைய போனில் ஹெட்செட் செருகினால்தான் எஃப்.எம். எடுக்கிறது, அந்த வயரே ஏரியல் என்பதால். வயர் இல்லாமல் எஃப்.எம். எடுக்கும், ஜியோ சிம்மும் வேலை செய்யும் பட்டன் போன் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் மாடல் பெயரைச் சொல்லுங்கள். வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்கிறார்.