சென்ட் அலர்ஜிக்குப் பேட்ச் டெஸ்ட்: அனுபவஸ்தர்கள் பகிர்வது

ஒட்டுகிற செவிலியர்
பேட்ச் டெஸ்ட் என்றால் அலர்ஜி தரக்கூடிய பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, பிறகு பிரித்துத் தோலைப் பார்ப்பது. அது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒட்டுவதிலேயே. 8 மி.மீ. அலுமினியக் கிண்ணத்துக்குக் களிம்பு 20 மில்லிகிராம் போதும். கூடினால் பிதுங்கிப் பக்கத்துக் கிண்ணத்தில் கலக்கும். திரவமென்றால் வடிதாளில் 15 மைக்ரோலிட்டர். வாசனைப் பொருள்கள் ஆவியாகிவிடும். அதனால் நாளைக்கு வருகிறவர்களுக்கு இன்று மாலையே நிரப்பி வைக்கிற வேலை வேண்டாம், ஆள் வந்து உட்கார்ந்த பிறகு நிரப்புங்கள். மேல் முதுகில் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கிண்ணத்தையும் விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் தேய்த்த முதுகில் எந்த பிளாஸ்திரியும் நிற்காது. வேர்வைக்கும் அப்படித்தான், சித்திரை வெயிலில் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக் கூடாது. பிரித்த பிறகும் கடைசியாகப் பார்க்கும் நாள்வரை, கிண்ணம் இருந்த இடத்தைக் காட்டும் மார்க்கர் கோடு அழியக் கூடாது.

தோல் மருத்துவர்
பிரித்த உடனே பார்க்காதீர்கள். பிளாஸ்திரி இழுத்த சிவப்பு அடங்க அரை மணி நேரம் விடுங்கள். அதோடு முடித்துவிடுவதுதான் பெரிய தவறு. ஒட்டியதிலிருந்து நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும், முடிந்தால் ஏழாம் நாளும். வெறும் எரிச்சல் என்றால் நாளாக ஆகக் குறையும், அலர்ஜி என்றால் ஏறும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். தடிப்பு தட்டுப்பட்டால் ஒரு பிளஸ், சிறு நீர்க்கொப்புளம் இருந்தால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்தால் மூன்று.

டெஸ்டுக்கென்றே உள்ள வாசனைக் கலவையான ‘ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ் 1’-இல் யூஜினால், ஜெரானியால், சின்னமால் என்று எட்டுப் பொருள், ஒவ்வொன்றும் 1%. அது நெகட்டிவ் என்றாலும் சென்டை விடுவிக்காதீர்கள். ‘மிக்ஸ் 2’ என்ற இன்னொரு கலவை, பெரு பால்சம் என்ற மரப்பிசின் 25%, பழசாகிக் காற்றுபட்ட லினலூல் என்ற வாசனைப் பொருள் ஆகியவை பாக்கி இருக்கின்றன.

செவிலியர்
டாக்டர் சொன்ன ‘மிக்ஸ் 1’-இல், பொருள்கள் பிரியாமல் கலந்திருக்கக் குழம்பாக்கியாக சோர்பிட்டான் செஸ்குவியோலியேட்டும் 5% உண்டு. அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஒட்டாவிட்டால் பழி சென்ட் மேல் விழும்.

செட்ரிசினை நிறுத்தணுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம், இது அரிப்பு மாத்திரை தடுக்கிற வகை அலர்ஜி அல்ல. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தால்தான் ஒரு வாரம் இடைவெளி வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழகுசாதனத் தயாரிப்பாளர்
சொந்த சென்டைக் கொண்டுவந்தால் ஸ்பிரிட் ஆவியாகும்வரை காயவிட்டுத்தான் மூட வேண்டும். சோப்பு, ஷாம்பூவை அப்படியே மூடி ஒட்டினால் யாருக்குமே புண்ணாகும், அதை அலர்ஜிக் கணக்கில் எழுதாதீர்கள். கிரீம் மேல் சந்தேகம் இருந்தால் முழங்கை மடிப்பில் 5 செ.மீ. சதுரத்தில் தினமும் இரண்டு முறை, இரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம். பொரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். ‘அன்சென்டட்’ (வாசனையற்றது) என்று போட்ட டப்பாவையும் இதே மாதிரி சோதியுங்கள். மூலப்பொருளின் வாடையை அமுக்க அதிலும் வாசனை சேர்ப்பதுண்டு.