வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் நினைவுச் சாளரத்தில் குண்டுவீச்சு விமானிகள் எங்கே?

வினா | வரலாற்று வாசகர்

நண்பர்களுக்கு வணக்கம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கிழக்குக் கோடியில், ஏழாம் ஹென்றி மன்னர் எழுப்பிய மாதா சிற்றாலயத்துக்குள், பிரிட்டிஷ் விமானப்படைக்கென ஒதுக்கப்பட்ட பகுதி ஒன்று உள்ளது. 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்துப் பிரிட்டனின் வானில் நடந்த போரில் மாண்டவர்களின் நினைவாக, ஹியூ ஈஸ்டன் வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை 1947 ஜூலை 10 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் அங்கே திறந்து வைத்தார். அதன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. போர் நினைவுச் சின்னம் என்றாலே பெயர்ப் பட்டியலைத்தான் எதிர்பார்ப்போம். இங்கே கண்ணாடியில் மாண்டவர் பெயர் எதுவும் காணப்படவில்லையே, ஏன்? அடுத்து, வரிசை வரிசையாக இருக்கும் சின்னங்கள் யாவும் சண்டை விமானப் படைப்பிரிவுகளுடையவை. அதே மாதங்களில் குண்டுவீச்சு விமானங்களில் சென்று திரும்பாதவர்களுக்கு இதில் இடம் கிடையாதா?

மறுமொழி | ஓய்வுபெற்ற ஆசிரியர்

பெயர்கள் இருக்கின்றன ஐயா. கண்ணாடியில் அல்ல, ஏட்டில். அச்சிற்றாலயத்திலேயே வைக்கப்பட்டுள்ள நினைவேட்டில் 1,497 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் விடை அந்த ஏட்டில்தான் உள்ளது. சண்டை விமானப் பிரிவைச் சேர்ந்தவர்கள் 449 பேர். குண்டுவீச்சுப் பிரிவினர் 732 பேர். கடலோர விமானப் பிரிவினர் 268 பேர். கடற்படை விமானப் பிரிவினர் 34 பேர். எஞ்சிய 14 பேர் விமானப்படையின் பிற பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஆக, சாளரத்தில் சின்னம் பெற்ற பிரிவைவிடச் சின்னம் பெறாத பிரிவே அதிகம் பேரை இழந்திருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு சாளரத்தோடு தொடங்கியதன்று. 1940 ஆகஸ்ட் 20 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில், இத்தனை பேர் இவ்வளவு கடன்பட்டது மிகச் சிலருக்கே என்ற பொருளில் பேசியதும், அந்த 'மிகச் சிலர்' சண்டை விமானிகள்தாம் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அதே உரையில், இரவுதோறும் ஜெர்மனிக்குள் பறந்து செல்லும் குண்டுவீச்சுப் பிரிவினரை மறக்கலாகாது என்று அவர் தொடர்ந்து சொன்ன பகுதியை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. சாளரத்தின் அடியில் ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலிருந்து, 'நாம் சிலரே, பேறு பெற்ற சிலரே, உடன்பிறந்தார் கூட்டமே' என்னும் கருத்துடைய வரியைப் பொறித்திருப்பதும் அந்தப் பதிவை ஒட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. இச்சிற்றாலயத்துக்கு நிதி திரட்டிய குழுவுக்கு டிரென்ச்சர்டு பிரபுவும் டவுடிங் பிரபுவும் தலைமை வகித்தனர். டவுடிங் 1940இல் சண்டை விமானப் பிரிவின் தலைவர். டிரென்ச்சர்டோ குண்டுவீச்சே வான்படையின் முதன்மைப் பணி என்று நெடுங்காலம் வாதிட்டவர். இருவருடைய அஸ்தியும் இன்று அதே இடத்தில்தான் உள்ளது.

மறுமொழி | கண்ணாடி வேலை செய்பவர்

பெயர்களை ஏட்டுக்கு அனுப்பியது தொழில்முறையில் சரியான முடிவு. வண்ணக் கண்ணாடியில் எழுத்து எழுதுவது காகிதத்தில் எழுதுவது போன்றதன்று. இரும்பு ஆக்சைடையும் நுண்ணிய கண்ணாடித் தூளையும் பிசின் நீரில் குழைத்துக் கண்ணாடியின் மேல் கருமையாகப் பூசி, அது உலர்ந்ததும் குச்சியாலோ ஊசியாலோ எழுத்தின் வடிவத்தைச் சுரண்டி எடுத்து, ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலையில் சுட வேண்டும். அப்போதுதான் பூச்சு கண்ணாடியோடு ஒன்றிப்போகும். மஞ்சள் வேண்டுமென்றால் பின்பக்கத்தில் வெள்ளி உப்பைத் தடவி மறுபடியும் சுடுவோம். பிறகு துண்டுகளை ஈயப் பட்டிகளில் கோத்து, இணைப்புகளைப் பற்றவைத்து, மக்கு அடைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து 1,497 பெயர்களைப் பொறித்தாலும் கீழே நிற்பவரால் படிக்க முடியாது. நீலக் கண்ணாடி ஒளியைப் பரப்பி, பக்கத்தில் உள்ள மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும் இயல்புடையது. இந்தச் சாளரத்திலோ நீலம் நிறையவே உண்டு. ஒரு படைப்பிரிவின் சின்னம், அழுத்தமான வெளிக்கோடும் இரண்டு மூன்று நிறங்களும் கொண்டிருப்பதால், தொலைவிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். செயின்ட் பால் பேராலயத்தின் அமெரிக்க நினைவுச் சிற்றாலயத்திலும் இதே வழியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள்: சாளரங்களின் ஓரங்களில் அமெரிக்க மாநிலங்களின் சின்னங்கள், பிரிட்டனைத் தளமாகக் கொண்டு போரிட்டு மாண்ட 28,000 பேரின் பெயர்கள் பலிபீடத்தின் பின்னால் ஏட்டில்.

ஈஸ்டன் தம் பெயரைக்கூட எழுத்தில் இடும் வழக்கமுடையவர் அல்லர். அவர் செய்த சாளரங்களின் மூலையில் காற்றுத்திசை காட்டும் சேவல் உருவம் சிறிதாக இருக்கும். அதுவே அவருடைய கையொப்பம்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் நன்றி. ஏட்டின் கணக்கு எனக்கு வியப்பாக இருக்கிறது. அப்படியானால் சாளரத்தின் சமயக் காட்சிகளும் சண்டை விமானிகளை மட்டும் கருதியவைதாமா? சாளரத்தின் அருகே சுவரில் ஓர் ஓட்டை இருப்பதாகவும் படித்தேன். அதை ஏன் அடைக்கவில்லை?

மறுமொழி | தேவாலயக் கலை ஆர்வலர்

காட்சிகளை அப்படிச் சுருக்கிவிட முடியாது என்பது என் கருத்து. கன்னி மரியாள் குழந்தை இயேசுவோடு, இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாள், சிலுவையில் இயேசு, உயிர்த்தெழுந்த இயேசு என நான்கு காட்சிகளிலும் ஒரு விமானப்படை வீரர் மண்டியிட்டிருக்கிறார். மகனை மடியில் ஏந்திய தாய், போரில் பிள்ளையையும் கணவனையும் இழந்த பெண்களைக் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. அந்தத் துயரத்தில் எந்தப் பிரிவு, எந்த விமானம் என்ற வேறுபாடு ஏது? மேலே ஆறு சிறகுள்ள வானதூதர்களும் உள்ளனர். கலை என்ற அளவில், ஈஸ்டனின் முகங்கள் எனக்குச் சற்று மிகையான அழகோடு, விளம்பர ஓவியம் போலத் தெரிகின்றன. முதல் உலகப்போருக்குப் பின் கேம்பிரிட்ஜ்ஷயரின் ஸ்வாஃப்ஹம் பிரையர் கிராமத் தேவாலயத்தில் டாங்கியையும் நீர்மூழ்கிக் கப்பலையும் கூசாமல் கண்ணாடியில் தீட்டிய துணிச்சல் இங்கே இல்லை.

நீங்கள் படித்த ஓட்டை 1940இல் விழுந்த குண்டினால் ஏற்பட்டது. அந்தத் தாக்குதல்களில் சிற்றாலயம் சேதமடைந்தது. பழுதுபார்த்தவர்கள் இதை மட்டும் கல்லால் அடைக்காமல், போரின் தடயமாக இருக்கட்டும் என்று கண்ணாடியிட்டு மூடி வைத்தனர். நேரில் சென்றால் தரையையும் கவனியுங்கள்: மன்னரில்லாத இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 1658 முதல் 1661 வரை அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார் என்று ஒரு கல் சொல்லும்.