‘நியாயப்படுத்தல்’ என்பதற்கு மாற்றாகத் ‘தேவைக்கணக்கு’

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண் முகவரிகளை (ஐபி முகவரிகளை) கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு நிறுவனம், தனது வலையமைப்பு இன்று எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் வரும் ஓராண்டில் எவ்வளவு விரியவுள்ளது என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும். அந்த ஆவணத்தைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற நமது கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘முகவரி நியாயப்படுத்தல்’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணத்தையும், மாற்றாக நான் முன்மொழியும் ‘தேவைக்கணக்கு’ என்ற சொல்லையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘நியாயப்படுத்து’ என்ற வினையை நாம் எந்த இடத்தில் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பிழை செய்துவிட்டுச் சாட்டுச் சொல்பவரைப் பார்த்துத்தான் “செய்ததையும் செய்துவிட்டு நியாயப்படுத்தாதே” என்கிறோம். விண்ணப்பதாரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இச்சொல், அவர் எதை எழுத வேண்டும் என்பதையும் தவறாகவே உணர்த்துகிறது. இதை நான் அகராதியைப் பார்த்துச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் மூன்று கட்டடங்களைக் கொண்ட ஒரு கல்வி நிறுவனத்துக்கு முகவரிகள் பெற உதவியபோது, இணைப்பு வழங்குநர் அனுப்பிய படிவத்தைத் தமிழாக்கி, அப்பகுதிக்கு ‘நியாயப்படுத்தல்’ என்று தலைப்பிட்டவன் நானேதான். அங்கு பணியாற்றும் முகாமைத்துவ உதவியாளர் அத்தலைப்பைப் படித்துவிட்டு, “யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட எமது பிரதேசத்தின் மாணவர்கள்” என்று தொடங்கி அழகான கையெழுத்தில் இரண்டு பக்கங்கள் எழுதி வைத்தார். அவற்றில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. மீள்குடியேறிய காலத்திலிருந்து கூரைத்தகடு முதல் குழாய்க்கிணறு வரை இங்கு பலவற்றையும் அப்படி எழுதித்தான் கேட்டோம். ஆகவே நியாயம் கேட்கப்பட்ட இடத்தில் அவர் நியாயத்தை எழுதினார். விண்ணப்பம் ஒரே கேள்வியுடன் திரும்பி வந்தது: முதலாம் கட்டடத்தில் இன்று எத்தனை கருவிகள் இணைந்துள்ளன, அவற்றுள் எத்தனைக்கு வெளியிலிருந்தும் அணுகத்தக்க பொது முகவரி வேண்டும்? அவரது இரண்டு பக்க உழைப்பு வீணானதற்கு நான் தெரிந்தெடுத்த சொல்லே காரணம் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னர் இருவரும் ஓர் ஒற்றை றூள் கொப்பியை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடந்தோம். ஆய்வுகூடத்தில் 40 கணினிகள், அலுவலகத்தில் 12, அச்சுப்பொறிகள் 3, கம்பியில்லா அணுகுபுள்ளிகள் 5 என்று எழுதிச் சென்று, மூன்று கட்டடங்களையும் முடித்தபோது எண்ணிக்கை 112 ஆனது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, இணையத்தின் தொழில்நுட்ப நடைமுறைகளைப் பதியும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் 1918ஆம் ஆவணம் தனிப்பயன்பாட்டுக்கென்று 1996இல் ஒதுக்கிவைத்த 10, 192.168 போன்ற தொடக்கங்களைக் கொண்ட முகவரிகளோடு உள்ளேயே இயங்கக்கூடியவை. வெளியிலிருந்து அணுக வேண்டியவை, மின்னஞ்சல் வழங்கியும், தளப்பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் பெயர் வழங்கிகளும் உட்பட ஒன்பதுதான். அடுத்த ஓராண்டில் மேலும் 11 வேண்டும் என்பதற்கு, எந்தக் கருவி எந்த மாதத்தில் எந்தக் கட்டடத்தில் வரும் என்று வரிக்கு வரி எழுதினோம். நாங்கள் கேட்ட, 32 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியில் 9 என்பது 28 வீதம், இரண்டும் சேர்ந்த 20 என்பது 62 வீதத்துக்குச் சற்று மேல். 1996 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2050, கேட்கும் முகவரிகளில் 25 வீதம் உடனடியாகவும் 50 வீதம் ஓராண்டுக்குள்ளும் பயன்பட வேண்டும் என்ற அளவுகோலைத் தந்தது. அந்த ஆவணத்தின் இடத்துக்கு 2013இல் ஆர்எஃப்சி 7020 வந்துவிட்டபோதிலும், இவ்வகைப் படிவங்களின் கேள்விகளில் அந்த அளவுகோலின் சாயல் இன்றும் தெரிகிறது. எங்கள் எண்கள் அதனுள் அடங்கின, தொகுதி கிடைத்தது.

இத்தனை இறுக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு, கையிருப்பு தீர்ந்த கதையைச் சொன்னால் போதும். இதுவரை நான் சொன்ன நான்காம் பதிப்பு (ஐபிவி4) முகவரி 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள், நீளமுடையது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 429 கோடிக்குச் சற்று மேல்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி முகவரிகளைப் பங்கிடும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் பகிரப்பட்டன. இலங்கையும் அடங்கும் ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் பதிவகமான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி தனது கடைசிப் பெருந்தொகுதிக்கு வந்து, அதன் பின்னர் ஓர் உறுப்பினருக்கு அதிலிருந்து 1,024 முகவரிகளுக்கு மேல் வழங்குவதில்லை என்று வரையறுத்தது. 2019இல் அதுவும் 512 ஆகக் குறைந்தது.

குளத்தை நம்பி வாழும் நமக்கு இது புதிய வழக்கமன்று. சிறுபோகம் தொடங்குமுன் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கருக்குத்தான் பாய்ச்சலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்து, அதைக் கமக்காரர் அமைப்புகளுக்கிடையே பங்கிடுகிறார்கள். அங்கே எழுந்து நின்று தன் கஷ்டத்தைச் சொல்பவருக்கு எல்லோரும் இரங்குவார்கள். ஆயினும் கூட்டக் குறிப்பில் ஏறுவது எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர் என்ற கணக்கு மட்டுமே. முகவரிப் பதிவகம் கேட்பதும் அதுவே என்பதால் ‘தேவைக்கணக்கு’ என்ற சொல் எனக்குத் தோன்றியது. ‘கணக்குக் காட்டு’ என்றால் யாரும் சாட்டுச் சொல்ல மாட்டார்கள், எண்ணத் தொடங்குவார்கள். மேலும், கணக்கு என்ற சொல் இருப்பதை எண்ணுவதையும் வரப்போவதைக் கணிப்பதையும் ஒருங்கே தாங்குகிறது. ‘விபரம்’, ‘கூற்று’, ‘அறிக்கை’ ஆகியவற்றில் இந்த இரட்டைப் பொருள் இல்லை.

பயனர் கணக்கு, வங்கிக் கணக்கு என்று இச்சொல் ஏற்கெனவே வழங்குவதால் குழப்பம் வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். தனித்து நின்றால் அது உண்மைதான். தேவையோடு ஒட்டி ஒரே சொல்லாக எழுதினால் மயக்கம் இராது. எனினும் அதன் உட்பிரிவுகளுக்கு ‘நடப்புக் கணக்கு’ போன்ற பெயர்களைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் வாசகர் உடனே வங்கியை நினைப்பார். ‘நடப்புப் பயன்பாடு’, ‘திட்டமிட்ட பயன்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ‘உத்தேசப் பயன்பாடு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அரச அலுவலக வழக்கில் அது பொருந்தும். ஆனால் ஊர்ப்பேச்சில் “உத்தேசமாய்ச் சொல்லு” என்றால் குத்துமதிப்பாகச் சொல் என்றே பொருள். மாதமும் கருவியும் குறித்து எழுத வேண்டிய பகுதிக்கு அந்தத் தளர்வு ஆகாது.

‘முகவரித் தேவைக்கணக்கு’ என்று முன்னொட்டுச் சேர்க்க வேண்டுமா என்பதில் முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. இணைய முகவரியின் ஆறாம் பதிப்பை (ஐபிவி6) நினைத்தபோது அது தீர்ந்தது. 128 பிட் நீளமுள்ள அந்த முகவரியில், ஒரு வளாகத்துக்குச் சாய்கோடு 48 அளவான (முதல் 48 பிட்டுகள் மாறாத) தொகுதி கிடைத்தால் அதற்குள் சாய்கோடு 64 அளவான உபவலைகள், அதாவது வலையமைப்பின் உட்பிரிவுகள், 65,536 அமைக்கலாம். அங்கு கருவிகளை எண்ணுவதில் பயனில்லை, வளாகங்களையும் உபவலைகளையுமே எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணப்படும் பொருள் மாறினாலும் எண்ணிக் காட்டும் கடமை மாறாமையால், முன்னொட்டு இல்லாத சொல்லே இரு பதிப்புகளுக்கும் உதவும்.

இதனோடு வரும், ஒதுக்கத்தக்க முகவரிகளின் மொத்தத்தைக் குறிக்கும் ‘முகவரிவெளி’யைப் பற்றியும் ஒரு சொல். காணியை ஏக்கரிலும் ‘பரப்பு’ என்ற நில அளவிலும் அளந்து பழகிய வடபுலத்தாருக்கு ‘முகவரிப் பரப்பு’ என்பது அளவுள்ள, பங்கிடத்தக்க ஒன்றாக உடனே விளங்கும். வெளி என்ற சொல்லில் எல்லை தெரிவதில்லை.

படிவத்தின் தமிழ் வடிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதில் அப்பகுதியின் அறிவுறுத்தலை இப்படி மாற்றியுள்ளேன்: “தேவைக்கணக்கு: நடப்புப் பயன்பாட்டையும் அடுத்த 12 மாதங்களுக்குத் திட்டமிட்ட பயன்பாட்டையும் கட்டடவாரியாக எழுதுக.” அதே முகாமைத்துவ உதவியாளரிடம் வேறு விளக்கம் எதுவும் கூறாமல் இத்தாளைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, அலுமாரியிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்து, “இதிலிருந்து பார்த்து எழுதினால் சரிதானே?” என்று கேட்டார்.