பப்பாளி இலைச் சாறும் டெங்குவும்: ‘ஆர்சிடி இருக்கே’ன்னா போதுமா?

பாலாறு:
மழை ஆரம்பிச்சதும் வேலூர் வாட்ஸ்அப் குழுக்கள்ல ‘டெங்குவுல பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவற அணுக்கள்) ஏத்தும்’னு சுத்துது. பாட்டி வைத்தியம்னு தள்ளிடாதீங்க. 2013ல மலேசியாவுல 228 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதிக்கு 3 நாள் சாறு கொடுத்தாங்க. அவங்களுக்குப் பிளேட்லெட் கூடுச்சு. இப்படிக் குலுக்கல் போட்டுப் பிரிச்சு நடத்தற ஆய்வுதான் ஆர்சிடி. சான்றுப் படிநிலையில ஆர்சிடிக்கு மேல இருக்கறது அதுங்களைத் தொகுத்துப் பார்க்கற ஆய்வு மட்டும்தான். வேற என்ன வேணும்?

காட்பாடி மருந்தாளுநர்:
எதை அளந்தாங்கன்னு பாருங்க சார். எண்ணிக்கையை. எண்ணிக்கை ஏறினா ரத்தக்கசிவு குறையும்ங்கறது ஊகம்தான். அந்த ஊகத்தையே நேரா சோதிச்சும் பார்த்துட்டாங்க: சிங்கப்பூர், மலேசியாவுல டெங்கு வந்து, பிளேட்லெட் 20,000க்கு மேல இல்லாத 372 பெரியவங்க. ஒரு பாதிக்குப் பிளேட்லெட்டையே ஏத்தினாங்க. 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு: ரத்தக்கசிவு, பிளேட்லெட் ஏத்தினவங்கள்ல 21%, ஏத்தாதவங்கள்ல 26%. தற்செயலாவே வரக்கூடிய வித்தியாசம். பக்கவிளைவு எண்ணிக்கை மட்டும் ஏத்தினவங்கள்ல 13, ஏத்தாதவங்கள்ல 2. அதோட மலேசிய சாறு ஆய்வுல போலி மருந்தே இல்ல. யார் குடிக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

பாலாறு:
பிளேட்லெட்டை எண்ணுறது மெஷின். யார் சாறு குடிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாதே.

காட்பாடி மருந்தாளுநர்:
சரிதான், அந்தக் காரணத்தை விட்டுடறேன். ஆனா சான்றோட தரத்தை எடைபோடற ‘கிரேடு’ முறையில ஆர்சிடி உயர்தரத்துல ஆரம்பிச்சாலும் ஐந்து காரணத்துக்கு இறங்கும்: நடத்தின விதத்துல கோளாறு, ஆய்வுக்கு ஆய்வு முரண், கேள்விக்கு நேரடியா பதில் இல்லாதது, ஆய்வுல இருந்தவங்க எண்ணிக்கை போதாதது, சாதகமான முடிவு மட்டும் வெளிவர்றது. சாறு மூணாவதுல மாட்டுது. வயிற்றுப்போக்கு உண்டாக்கற ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து ரோட்டாவாக், அதோட சோதனையைப் பாருங்க: டெல்லி, புனே, நம்ம வேலூர்ல 6,799 குழந்தைங்க. ரத்தத்துல எதிர்ப்பொருள் ஏறுச்சான்னு பார்த்து முடிச்சுக்கல. ரோட்டா வைரஸால கடுமையான வயிற்றுப்போக்கு வந்துச்சான்னே எண்ணினாங்க. முதல் வருஷம் 56.4% குறைஞ்சுது. தாய்க்கு வேண்டிய பதில் அதுதான்.

கோட்டை அகழி:
நடுவுல வர்றேன். ஆர்சிடி இல்லைன்னா சான்றே இல்லைன்னும் முடிவு கட்டிடாதீங்க. சிகரெட்டால நுரையீரல் புற்றுநோய்ங்கறதை யாரும் குலுக்கல் போட்டு நிரூபிக்கல. அளவு கூடக் கூட ஆபத்து கூடுச்சு, அதுவும் பல மடங்கு. அதனால கவனிப்பு ஆய்வே உறுதியாச்சு. டெங்குவுல ‘குடிச்சார், ஏறுச்சு’ன்னு சொல்றதுக்கு அந்த பலம் கிடையாது. காய்ச்சல் விடற சமயத்துல பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போயி, அப்புறம் தானாவே ஏறும். சாறு பெரும்பாலும் எப்போ கொடுக்கறாங்க? எண்ணிக்கை இறங்கின பிறகு. அந்த நேரத்துல எதைக் கொடுத்தாலும் பேர் அதுக்குத்தான் போகும்.

பாலாறு:
அது சரி. ஆனா கொடுத்தா கெடுதல் இல்லையே?

காட்பாடி மருந்தாளுநர்:
விடாத வாந்தி டெங்குவுல அபாய அறிகுறி சார். கசப்புச் சாறு குடிச்ச பிறகு வாந்தி வந்தா, ‘சாறு ஒத்துக்கல’ன்னு வீட்லயே வெச்சிருப்பாங்க. காய்ச்சல் விட்ட முதல் 48 மணி நேரத்துலதான் ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியும். பிளேட்லெட் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காம, பக்கத்துல இருக்கற ஹீமட்டோக்ரிட்டும் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு; நீர் கசிஞ்சா ஏறும்) ஏறுதான்னு பாருங்க. வயித்துவலி, ஈறுல ரத்தம், சோர்வு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.