கடையை மூடுகிறேன், அளவு நோட்டுகளை என்ன செய்வது?

வாலாஜா டெய்லர்:
இந்த டிசம்பர் 31 ராத்திரி ஷட்டரை இறக்கினால் அப்புறம் ஏற்றப்போவதில்லை. வாலாஜாபேட்டையில் 1986-இல் திறந்த கடை. ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, காரணம் அவ்வளவுதான்.

டிராயரைக் காலி செய்தபோது நாலு ரப்பர் ஸ்டாம்பு கிடைத்தது. முதலாவதில் 'வடஆற்காடு மாவட்டம்'. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்துபோனதும் 'வடஆற்காடு அம்பேத்கர்' என்று புதிதாகச் செய்தேன். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்ததும் 'வேலூர்'. 2019-இல் 'இராணிப்பேட்டை'. நான் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து ஒரு அடி நகர்த்தியதில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. ஸ்டாம்பு செய்கிறவருக்குத்தான் லாபம்!

ஸ்டாம்பை விடுங்கள், ஒரு டப்பாவில் அடங்கிவிடும். அளவு நோட்டுதான் பிரச்சினை. முப்பத்தேழு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நீளம், தோள், மார்பு, கை. ஓரத்தில் குண்டூசி குத்திய துண்டுத் துணி. துரு இறங்கி, தாளில் ஊசி வடிவத்தில் காவிக் கறை. பையன் "போகிக்கு எரிச்சிடுப்பா" என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சத்துவாச்சாரி அக்கா:
முதலில் அந்த ஸ்டாம்பைப் போகித் தீயில் போட்டுவிடாதீர்கள் அண்ணா, ரப்பர் புகையில் தெருவே இருமும். நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். என் மாமியார் இருபது வருஷத்துக் கரண்ட் பில்லைக் கட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு மூன்று நாள் கரையான் தட்டியது நான்தான்.

ஆற்காட்டான்:
ஐயா, ஒரு வேண்டுகோள். எங்கள் நைனா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்தார். தீபாவளிச் சட்டை வாலாஜாவில்தான் தைப்பார், உங்கள் கடையா என்று தெரியாது. 1994, 95 வாக்கில். ஈரத்தோல் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கியிருக்கும். எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பீர்களா?

வாலாஜா டெய்லர்:
தம்பி, அந்த இரண்டு வருஷத்து நோட்டையும் இரண்டு தடவை புரட்டிவிட்டேன். நான் பெயர் எழுதுவது குறைவு. 'மஞ்சள் பை', 'டீக்கடை மச்சான்' இப்படித்தான் இருக்கிறது. 'வலது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம்' என்று மூன்று பேர். ஒருவருக்கு வெளிர்நீலக் கோடு, ஒருவருக்குச் சந்தனக் கலர். மூன்றாமவர் பக்கத்தில் ஊசித் துளை மட்டும்தான், துணி எங்கோ விழுந்துவிட்டது. நைனா என்ன கலர் போடுவார்? பழைய சட்டை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வா, அளந்து பார்த்துவிடலாம். ஷட்டர் இறங்கியிருந்தால் பக்கவாட்டுக் கதவைத் தட்டு, மெஷினைப் பொங்கல் வரைக்கும் விற்கப்போவதில்லை.

அக்கா, மற்ற முப்பத்தைந்தும் சனிக்கிழமை பேப்பர் கடைக்குப் போகிறது. குண்டூசியை எல்லாம் உருவிக்கொண்டிருக்கிறேன், விரல்தான் பாவம்.