ஷாட்கன் இவ்வளவு வசதி என்றால் அண்டர் சென்டர் ஏன் இன்னும் இருக்கிறது?

நாலாம்டவுன்:

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட ஸ்னாப்கள் (லைனின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) இப்போது ஷாட்கனில்தான். அதாவது பந்தை வாங்கி எறியும் குவாட்டர்பேக் சென்டருக்கு 5 யார்டு பின்னால் நிற்கிறார், களம் முழுக்கக் கண்ணில் படுகிறது, பின்னோக்கி ஓடும் வேலை மிச்சம், பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் அவர் மேல் பாய்வது) வந்தாலும் சுதாரிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. இத்தனை இருந்தும் கைல் ஷானஹான், ஷான் மெக்வே போன்ற பயிற்சியாளர்கள் ஃபர்ஸ்ட் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவது) அவரைச் சென்டருக்குப் பின்னால் ஒட்டி, அதாவது அண்டர் சென்டரில், நிறுத்துகிறார்கள். வர்ணனையில் "பிளே-ஆக்‌ஷனுக்காக" (ஓடுவதுபோலக் காட்டிப் பாஸ் எறிவதற்காக) என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கிடம் அதை நீட்டி இழுத்துக்கொள்வதை ஷாட்கனிலும் செய்கிறார்களே, அது ஏன் போதவில்லை? இன்னொன்று: 3வது டவுன், 1 யார்டுதான் வேண்டும் என்கிறபோது 5 யார்டு பின்னால் போய் நிற்பது எந்தக் கணக்கில் சரி?

ஏழுயார்டு:

குவாட்டர்பேக்கை விடுங்க. ரன்னிங் பேக் எங்கே நிக்கிறார்னு பாருங்க, விடை அங்கேதான் இருக்கு.

அண்டர் சென்டர்ல அவர் ஸ்னாப் நடக்கிற கோட்டுக்கு 7, 7.5 யார்டு பின்னால, தோள் ரெண்டும் எதிரணியைப் பாத்த மாதிரி நிப்பார். பந்து வயித்துல வந்து விழும்போது ரெண்டு மூணு எட்டு ஓடி வேகம் பிடிச்சிருப்பார். இடமா வலமானு அவர் நிக்கிற இடத்தை வெச்சு யாராலும் சொல்ல முடியாது. ஷாட்கன்ல குவாட்டர்பேக்குக்குப் பக்கத்துல நிக்கணும். இடப்பக்கம் நின்னா பெரும்பாலும் குவாட்டர்பேக்குக்கு முன்னால குறுக்கே வந்து வலப்பக்கம் ஓடுவார். முதல் எட்டே பக்கவாட்டுல போயிடுது, பந்தை வாங்கும்போது கிட்டத்தட்ட நின்ன வேகம்தான். டிஃபென்ஸ் அவர் நிக்கிற பக்கத்தைப் பாத்தே லைனை ஒரு ஆள் நகர்த்தி வெச்சுக்கும். நின்ன பக்கமே ஓடற பிளேவும் உண்டு, அதை அடிக்கடி காட்டினாத்தான் அந்த ஊகம் குழம்பும்.

அவுட்சைட் ஸோன் ஓட்டத்துக்கு இந்த 7 யார்டு உயிர். முன்வரிசையில தடுக்கிற லைன்மேன் அஞ்சு பேரும் ஒரே பக்கம் சாய்ஞ்சு ஓடுவாங்க, ரன்னிங் பேக் ஓரத்தைக் குறி வெச்சு ஓடிக்கிட்டே எந்த இடைவெளி திறக்குதுனு பாத்து ஒரே ஒரு வெட்டு வெட்டி உள்ளே பாய்வார். பாக்கறதுக்குத் தூரம் வேணும், பாயறதுக்கு வேகம் வேணும். 1998ல மைக் ஷானஹானோட டென்வர் அணியில டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினது இந்த ஆட்டமுறையிலதான். கைல் அவரோட மகன்.

இப்போ பிளே-ஆக்‌ஷன். டிஃபென்ஸ்ல முன்வரிசைக்குப் பின்னால நிக்கிற லைன்பேக்கர் மூணு விஷயம் பாப்பார்: எதிர் லைன்மேன்களோட தலை தாழ்வா வருதா, ரன்னிங் பேக் நேரா வராரா, பந்து எங்கே. அண்டர் சென்டர்ல குவாட்டர்பேக் முதுகைத் திருப்பினதும் மூணாவது மறைஞ்சுபோகும், மத்த ரெண்டும் "ஓட்டம்"னு சொல்லும். அவர் ரெண்டு எட்டு முன்னால வந்துட்டாப் போதும், அவருக்குப் பின்னால 12லிருந்து 18 யார்டு வரைக்கும் காலியாயிடும். குறுக்கே ஓடற ரிசீவர் அங்கேதான் பந்தை வாங்குவார். ஷாட்கன்ல பந்து பெரும்பாலான நேரம் எதிரணி கண்ணு முன்னாலயே இருக்கு, ரன்னிங் பேக்கும் குறுக்கே வரார். லைன்பேக்கர் ஒரு கணம் தயங்குவாரே தவிர ஓடி வரமாட்டார்.

இதுக்கு விலை உண்டு. முதுகு திரும்பின அந்த ஒரு நொடியில சேஃப்டி (கடைசியா பின்னால நிக்கிற டிஃபென்ஸ் ஆள்) இடம் மாறினா குவாட்டர்பேக்குக்குத் தெரியாது. பின்பக்கத்துல தடுக்காம விட்ட ஆள் வந்தா நிமிரும்போதே மேல விழுவார். 3வது டவுன், 8 யார்டுனா யாரும் ஓட்டத்தை நம்பப்போறதில்லை, அங்கே இதைச் செய்யறது வீண் ஆபத்து.

ஸ்னாப்கணக்கு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கேள்வியிலேயே இருக்கும் "ஷாட்கனில் எல்லாம் தெரிகிறது" என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. ஷாட்கனில் குவாட்டர்பேக் பறந்து வரும் பந்தைப் பிடிக்கக் கண்ணைத் தாழ்த்தியே ஆக வேண்டும். சேஃப்டிகள் வேடம் கலைப்பது சரியாக அந்தக் கணத்தில்தான். அண்டர் சென்டரில் பந்து தொடுவுணர்வில் கைக்கு வந்துவிடும், கண் எதிரணியை விட்டு நகராது. 3 எட்டு பின்வாங்கி உடனே ஸ்லான்ட் (சாய்வாக உள்ளே வெட்டி ஓடும் ரிசீவருக்கான குறும்பாஸ்) எறிவது போன்ற விரைவான பாஸ்களில் இது பெரிய உதவி. ஆழமான பாஸ்களில்தான் ஷாட்கனின் பார்வை வசதி முழுதாகப் பலன் தரும்.

குவாட்டர்பேக் பின்வாங்கும் எட்டுக் கணக்கையும் மறக்கக் கூடாது. ரிசீவர் எத்தனையாவது யார்டில் திரும்புகிறார் என்பது குவாட்டர்பேக்கின் கால்களோடு கட்டப்பட்டது. அண்டர் சென்டரில் 5 எட்டு என்று கட்டிய பாஸை ஷாட்கனில் 3 எட்டாகவும், 3 எட்டை 1 எட்டாகவும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ரிசீவர் திரும்பி நிற்பார், பந்து இன்னும் கையை விட்டிருக்காது, ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் குறுக்கே பாய்ந்துவிடுவார்.

பந்து கைமாறும் இடத்தில் நடக்கும் தவறுகள் இரண்டிலும் வேறு வேறு. அண்டர் சென்டரில் எறியும் கை மேலே, சென்டரின் தொடையிடுக்கில் அவருக்கு உறைக்கும்படி அழுத்தி வைக்க வேண்டும். இரண்டு மணிக்கட்டுகளும் ஒட்டியிருக்க வேண்டும், விரல்கள் விரிந்திருக்க வேண்டும். சென்டர் பந்தைக் கால்வட்டம் திருப்பிக் கொடுப்பதால் அது குறுக்காக வந்து உள்ளங்கையில் அறையும். பந்து தவறுவதற்கு முதல் காரணம், குவாட்டர்பேக் அவசரப்பட்டு கையை உருவிவிடுவது. சென்டர் முன்னோக்கிப் பாயும்போது கைகளும் சில அங்குலம் அவரோடு போக வேண்டும். இரண்டாவது காரணம், சென்டருக்குப் பக்கத்து லைன்மேனான கார்டு பக்கவாட்டில் ஓடும்போது குவாட்டர்பேக்கின் காலை மிதித்துவிடுவது.

ஷாட்கனில் பந்து தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். சென்டர் இடுப்பை முன்னதாகத் தூக்கினாலோ, பந்தைத் தாமதமாக விட்டாலோ அது தலைக்கு மேலே போகும். சுழலாமல் மிதந்து வரும் ஸ்னாப்பைப் பல சென்டர்கள் விரும்புவது இதனால்தான்: வேகம் குறைவு, குறி தவறுவதும் குறைவு. கையை விட்டு மெல்லத் தவறுகிற ஸ்னாப்கூட ஓட்டத்தின் நேரத்தைக் கெடுத்துவிடும் என்பதை ஷாட்கன் அணிகள் குறைத்து மதிப்பிடுகின்றன என்பது என் கருத்து.

இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் மோசம். குரல் கேட்காதபோது குவாட்டர்பேக் காலைத் தூக்கிக் காட்டுவார், கார்டு அதைப் பார்த்துச் சென்டரைத் தட்டுவார், சென்டர் ஒரு கணம் விட்டு ஸ்னாப் செய்வார். அந்த இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் எதிரணி அதைப் படித்துவிடும். 2014 பிப்ரவரியில் நடந்த 48வது சூப்பர் போலின் முதல் ஸ்னாப்பை நினைத்துப் பாருங்கள். டென்வர் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் ஏதோ சொல்ல முன்னால் நடந்து வருகிறார், பந்து அவரைத் தாண்டி அவர் அணியின் எண்ட் ஸோனுக்குள் (களத்தின் கோடிப் பகுதி) போகிறது, 12 நொடியில் சேஃப்டி (இங்கே ஆட்டக்காரர் அல்ல, எதிரணிக்குக் கிடைக்கும் 2 புள்ளி). சியாட்டில் 43-8 என்று வென்றது.

நாலாம்டவுன்:

கண்ணைத் தாழ்த்தும் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. 3வது டவுன் 1 யார்டு கேள்வி இன்னும் நிற்கிறது.

ஓரக்கோடு:

அதற்கு ஆள் கணக்கு பார்க்க வேண்டும். குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் 10 பேர் 11 பேரோடு மோதுகிறார்கள். ஷாட்கனில் ஸோன் ரீட் ஆடும்போது ஓர டிஃபென்சிவ் எண்டை யாரும் தடுப்பதில்லை. அவர் ரன்னிங் பேக் மேல் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு அவர் விட்ட இடத்தில் ஓடுவார், நின்றுவிட்டால் கொடுத்துவிடுவார். தடுக்காமலேயே ஓர் ஆளைக் கழித்தாயிற்று. அந்த லாபத்துக்காகத்தான் 5 யார்டு பின்னால் நிற்கிறார்கள். ஆனால் ஓடத் தெரியாத, அல்லது அடிபடக் கூடாத குவாட்டர்பேக் என்றால் எண்ட் அவரைக் கண்டுகொள்ளவே மாட்டார். அப்போது அந்த 5 யார்டு வெறும் நஷ்டம்.

1 யார்டுக்குள் என்றால் என் தேர்வு ஸ்னீக்தான், அதாவது அண்டர் சென்டர். சென்டரும் கார்டும் தாழ்வாக ஒரே ஆளை முட்டித் தள்ள, குவாட்டர்பேக் அவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு போவது. பந்து பின்னால் போவதே இல்லை. 2022 முதல் பிலடெல்பியா அணி ஜேலன் ஹர்ட்ஸுக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தித் தள்ளியதும் இதே ஸ்னீக்கைத்தான்.

ஷாட்கனின் பலவீனம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1960ல் சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் ரெட் ஹிக்கி இதைக் கொண்டுவந்து பால்டிமோரை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணி லைன்பேக்கர் பில் ஜார்ஜைச் சென்டருக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. நீள ஸ்னாப் செய்துவிட்டு அதே கணத்தில் அவரைத் தடுக்கச் சென்டரால் முடியவில்லை, 31-0. அதன்பின் ஹிக்கி அதைக் கைவிட்டார். 1975ல் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி குவாட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக்கை வைத்து டாலஸில் அதை மீட்டபோது, பெரும்பாலும் பாஸ் நிச்சயம் என்ற டவுன்களில்தான் பயன்படுத்தினார்.

இரண்டும் வேண்டும் என்றால் பிஸ்டல். குவாட்டர்பேக் 4 யார்டில், ரன்னிங் பேக் அவருக்கு நேர் பின்னால், கோட்டிலிருந்து 7 யார்டில். ஓட்டத்தின் திசை மறைகிறது, ஸோன் ரீடும் கையில் இருக்கிறது. நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் 2005ல் கொண்டுவந்தது. அங்கிருந்து வந்த சான் பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக் 2013 ஜனவரியில் கிரீன் பேக்குக்கு எதிராக 181 யார்டு ஓடினார். குறை என்னவென்றால், பாஸ் தடுக்கும்போது ரன்னிங் பேக் குவாட்டர்பேக்கைச் சுற்றிக்கொண்டு ஓரத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ஏழுயார்டு:

விதியில ரெண்டு வித்தியாசம் விட்டுப்போச்சு. என்எஃப்எல்ல அண்டர் சென்டர்ல நின்ன குவாட்டர்பேக் பாஸ் வாங்கத் தகுதி இல்லாதவர். கல்லூரி ஆட்டத்துல இந்தத் தடை இல்லை. 2018 பிப்ரவரி சூப்பர் போல்ல பிலடெல்பியா குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் எண்ட் ஸோன்ல பந்தைப் பிடிச்சாரே, அவர் ஷாட்கன்ல நின்னு வலப்பக்கம் நகர்ந்து நின்னதாலதான் அது செல்லுபடி ஆச்சு. அடுத்து, கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில அடிக்கறது: என்எஃப்எல்ல அண்டர் சென்டர்ல வாங்கி உடனே அடிச்சாத்தான் தண்டனை கிடையாது. கடைசி 20 நொடியில எல்லாரும் ஓடிவந்து சென்டருக்குப் பின்னால குனியறதுக்குக் காரணம் அதுதான்.