மைனரின் பின் அச்சு: கூட்டில் இருந்த இலக்கத்தை நம்பி ஏமாந்த கதை

என்னுடையது 948 சிசி மொரிஸ் மைனர் கார். டிப்ரன்ஷல் (பின் அச்சின் நடுவில் இருந்து இரண்டு சில்லுகளுக்கும் சுழற்சியைக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி) ஊளையிடத் தொடங்கியதும் பழைய இரும்புக் கடையில் ஒரு முழு அச்சு எடுத்தேன். அச்சின் வெளிக்கூட்டில் குத்தியிருந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு "இதுவும் 948 தான், அப்படியே பூட்டலாம்" என்றார் கடைக்காரர். நானும் பூட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது? ஆறு மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சத்தம் போனதே பெரிய சந்தோசம்.

கண்டிக்குப் போனபோதுதான் பிடிபட்டது. மாத்தளை தாண்டி ஏறும்போது, முன்பெல்லாம் மூன்றாம் கியரில் போன இடங்களில் இரண்டுக்கு இறங்க வேண்டி வந்தது. அதோடு ஃபோனில் 100 கிலோமீற்றர் ஓடியிருந்தால் கார் மீற்றரில் 58 மைல்கூட இல்லை, 62 வர வேண்டும். மீற்றர் கேபிள் கியர்பொக்ஸில் இருந்து வருவதால், அச்சு மாறினால் மீற்றரும் பொய் சொல்லும். நான் டயரைத்தான் சந்தேகப்பட்டேன்.

கராஜ் அண்ணை ஒன்றும் பேசவில்லை. நியூட்ரலில் போட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, கியர்பொக்ஸில் இருந்து பின் அச்சுக்கு வரும் ஷாஃப்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஒற்றைச் சில்லை மட்டும் சுற்றினால் கணக்கு பாதியாகிவிடும், அதனால் பத்துக்குப் பதில் இருபது சுற்று. கீழே படுத்து எண்ணியது நான்தான். ஷாஃப்ட் 42 சுற்றும் கொஞ்சமும் வந்தது. சரியான அச்சு என்றால் 45ஐத் தாண்டி அரைச் சுற்று வந்திருக்கும்.

அப்புறம் கழற்றினோம். உள்ளே இரண்டு பற்சில்லுகள்: பெரியது கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சின்னது பினியன். கிரவுன் வீலில் கீறியிருந்த ஒரு மூன்று இலக்க எண்ணைக் கண்டதும் நான் துள்ளினேன். "உது சோடி நம்பர் தம்பி, பினியனிலையும் பார், அதே கிடக்கும்" என்றார். கிடந்தது. ஒயிலைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னொரு பக்கம் சின்னதாக 9/38. பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 38, வகுத்தால் 4.22, அதாவது சில்லுகள் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.22 முறை சுற்றும்; இந்தக் கணக்கு குறைந்தால் ஏற்றத்தில் இழுவையும் குறையும். அது 1962இல் வந்த 1098 சிசி மைனரின் கணக்கு. எனக்கு வேண்டியது 9/41, அதாவது 4.55.

கூடு 948 காருடையதாகவே இருக்கலாம், கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். டிப்ரன்ஷல் தொகுதி நட்டைக் கழற்றினால் முழுசாக வெளியே வந்துவிடும், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கூட்டில் குத்திய இலக்கத்துக்கு அது எப்படித் தெரியும்?

மாற்றவில்லை. ஊருக்குள் ஓட 9/38 அமைதியாகத்தான் இருக்கிறது. கண்டிக்கு இப்போது பஸ்ஸில் போகிறேன்.